பூவரசம் பூவுக்கு எட்டுப் பென்சில்

பூவரசம் பூவின் ஒரு நாள் வாழ்வை ஒரே தாளில் வரைந்து முடித்தாயிற்று. காலையில் வெளிர் மஞ்சள், மாலையில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், மறுநாள் மரத்தடியில் கிடக்கும்போது ஊதா ஓடிய சிவப்பு. மூன்று பூ, ஒரு இலை, ஒரு காய். இலையின் நடுநரம்பு தவிர எல்லாமே தண்ணீரில் கரையும் பென்சில்களில் வரைந்தவை. இதற்கு முன் வீணான தாள்கள் ஒரு கட்டு சேர்ந்திருக்கின்றன. அவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பொருள் எங்கே கைகொடுத்தது, எது காசுக்குக் கேடு என்று வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பூவரசு தெரியாதவர்கள் குறைவு. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாதவர்கள் அதைவிடக் குறைவு. பூவை உற்றுப் பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இருப்பார்களா என்று தெரியவில்லை. ஐந்து இதழ்கள், ஒன்றன் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறி, முறுக்கிக்கொண்டு நிற்கும். இதழ் மெல்லியது, வெயிலில் பிடித்தால் நரம்பு தெரியும். உள்ளே அடிப்பகுதியில் கருஞ்சிவப்புத் திட்டு. நடுவில் வெளிர் மஞ்சள் தண்டு, அதைச் சுற்றி மகரந்தப் பொடி. இந்த மஞ்சளும் அந்தக் கருஞ்சிவப்பும் ஒன்றோடொன்று கலக்காமல் அருகருகே நிற்க வேண்டும். அப்புறம் அதே மஞ்சள் பொழுது சாயச் சாயச் சிவக்க வேண்டும். ட்யூப் வண்ணத்தில் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். எனக்கு அந்த நரம்புகள் வேண்டியிருந்தன. நரம்புக்குப் பென்சில் முனை வசதி, இதழின் மென்மைக்குத் தண்ணீர் வசதி. இரண்டும் ஒரே கருவியில் இருக்கிறதே என்றுதான் வாட்டர்கலர் பென்சிலுக்கு வந்தேன்.

ஆரம்பம் எல்லோரையும் போலத்தான்: 24 நிற மாணவர் செட், 400 ரூபாய்க்குள். கூடவே 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஸ்கெட்ச் புத்தகம். உலர்ந்த நிலையில் வரைந்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. பிரஷ்ஷை நனைத்து இழுத்ததும் மஞ்சளில் பாதி கரைந்தது, பாதி கோடாகவே நின்றது. கோட்டைக் கரைக்கலாம் என்று தேய்த்தால் தாளின் மேற்பரப்பு திரிதிரியாக உருண்டு வந்தது. உலர்ந்த பிறகு தாள் நெளிந்து, பள்ளத்தில் எல்லாம் நிறம் குட்டையாகத் தேங்கிக் கறை கட்டியிருந்தது. சாதாரணக் கலர் பென்சிலில் நிறப்பொடியை மெழுகோ எண்ணெயோ பிடித்துவைத்திருக்கும். இதில் தண்ணீரில் கரையும் பசை பிடித்துவைத்திருக்கிறது. விலை குறைந்த பென்சிலில் நிறப்பொடி கொஞ்சம், நிரப்பும் மண்பொடி நிறைய. தத்துவம் இவ்வளவு போதும். அந்தச் செட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஒத்திகை பார்க்கவும் அடிக்கோடு போடவும் அது இன்றும் பயன்படுகிறது.

அடுத்து, நல்ல பென்சில் வாங்கலாம் என்று முடிவானது. எதை வாங்குவது? கடையில் எல்லோரும் ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம். கிறுக்கிய நிறம் ஒன்று, நனைத்த நிறம் வேறொன்று. கரும்பச்சை, கருநீலம், ஊதா வகையெல்லாம் காய்ந்த நிலையில் சாந்தமாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டதும் கண்ணைப் பறிக்கும். மண் நிறங்கள் பெரிதாக மாறுவதில்லை. சில வெளிர் நிறங்கள் நனைத்ததும் இருந்த இடம் தெரியாமல் போகின்றன. ஆகவே இப்போதெல்லாம் சட்டைப்பையில் வாட்டர் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். அதன் கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் இருக்கும், அழுத்தினால் முனைக்கு வரும். கூடவே நல்ல வாட்டர்கலர் தாளில் வெட்டிய பட்டை ஒன்று. கடைத் துண்டுத்தாளில் நனைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தனிப் பென்சில் கிடைப்பதுதான் பெரிய பாடு.

“அண்ணே, இதுல தனித்தனியா கிடைக்குமா?”

“செட்டாத்தான் தம்பி வருது. தனியா குடுத்தா மிச்சத்தை நான் யார் தலையில கட்டுறது?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கியும், கிடைக்காததை ஆன்லைனில் வரவழைத்தும் சேர்த்தேன். ஃபேபர்-காஸ்டெல்லின் ஆல்பிரெக்ட் டியூரர் வரிசையில் 120 நிறங்கள் உண்டு. எனக்குத் தேவைப்பட்டவை ஏழு: 104 வெளிர் மஞ்சள், 184 காவி கலந்த மஞ்சள், 111 ஆரஞ்சு, 226 அலிசரின் சிவப்பு, 263 கருஞ்சிவப்பு ஊதா, 168 மஞ்சள் ஓடிய பச்சை, 167 ஆலிவ் பச்சை. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. இதே எண்கள்தான் அந்த நிறுவனத்தின் பாலிகுரோமோஸ் பென்சிலிலும் வருகின்றன. பாலிகுரோமோஸ் தண்ணீரில் கரையாது. அவசரத்தில் எண்ணை மட்டும் பார்த்து அதைத் தூக்கிவந்துவிடக் கூடாது. உடம்பில் எழுதியிருக்கும் பெயரையும் பாருங்கள். மெழுகுப் பேஸ்டல் வாங்கப் போனாலும் இதே கதைதான். கரன் தாஷ் நிறுவனத்தின் நியோகலர் இரண்டு கரையும், நியோகலர் ஒன்று கரையாது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

பென்சில் உடம்பில் எண்ணோடு நட்சத்திரக் குறியும் இருக்கும். ஃபேபர்-காஸ்டெல் கணக்கில் மூன்று நட்சத்திரம் என்றால் 100 ஆண்டுக்கு மேல், இரண்டு என்றால் 25 ஆண்டுக்கு மேல், ஒன்று என்றால் 5 ஆண்டுக்கு மேல் நிறம் தாங்கும். அதுவும் அருங்காட்சியக வெளிச்சத்தில். நம் ஊர் ஜன்னலில் அல்ல. டெர்வென்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் பென்சில்களுக்கு, நிறம் வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் 1 முதல் 8 வரை உள்ள நீலக் கம்பளி அளவைச் சொல்கிறார்கள், எண் கூடக் கூட நல்லது. எனக்கு அளவுகோலில் நம்பிக்கை உண்டு, ஆனாலும் என் ஜன்னலிலும் ஒரு தடவை பார்த்துவிடுவேன். பட்டை பட்டையாக நிறம் தடவி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஒரு கோடை முழுக்க விட்டேன். பிரித்துப் பார்த்தபோது மாணவர் செட்டின் இளஞ்சிவப்பு வெளுத்துத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஊதா சாம்பலாகியிருந்தது. மண் நிறங்களில் மூடிய பக்கம் எது, திறந்த பக்கம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூடிவைக்கும் குறிப்பேட்டுக்குள் வரைகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இளஞ்சிவப்பும் ஊதாவும்தான்.

எட்டாவது பென்சில் டெர்வென்ட் இங்க்டென்ஸ், ஷிராஸ் என்ற நிறம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

தாள். பென்சிலுக்குச் செலவழித்து முடித்த பிறகுதான் தாளுக்கு முதலில் செலவழித்திருக்கலாம் என்று புரிந்தது. கலைஞர் தரப் பென்சிலை அதே 150 ஜிஎஸ்எம் தாளில் போட்டால் பாதிப் பயன்தான். மாணவர் செட்டை நல்ல தாளில் போட்டால் அது முன்பைவிடக் கரைகிறது. மேற்பரப்பு பிய்யாததால் பிரஷ்ஷை இரண்டு தடவை கூடுதலாக ஓட்ட முடிகிறது. நான் கடைசியில் நின்றது 300 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி, ஹாட் பிரஸ்டு. ஏ4 அளவில் 10 தாள் கொண்ட கட்டு 700 ரூபாய் ஆயிற்று. கோல்டு பிரஸ்டு தாளில் மேடு பள்ளம் இருக்கும். பென்சில் மேட்டில் மட்டும் பிடித்துப் பள்ளம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கோயில் சுவர், மரப்பட்டை வரைகிறவர்களுக்கு அது அழகு. பூவிதழுக்கு அம்மைத் தழும்பு. ஹாட் பிரஸ்டு வழவழப்பானது, நரம்புக்கோடு முறியாமல் ஓடும். அதில் இருக்கும் தொல்லை, தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் விளிம்பு கட்டிவிடும்.

கையால் செய்த தாளிலும் வரைந்து பார்த்தேன். அழகு உண்டு, ஆனால் எந்தக் கட்டு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு கொஞ்ச நேரம் குவிந்து நின்றால் தாளுக்குப் பசையூட்டல் சரியாக இருக்கிறது. விட்ட உடனே குடித்துவிட்டால் நிறமும் அப்படியே உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும்; கரைக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது.

பலகைக்கு வீட்டில் இருந்த பரீட்சை அட்டைதான். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இறுக்கினால் 300 ஜிஎஸ்எம் தாள் பெரிதாக நெளிவதில்லை. டேப்பை நேராகத் தாளில் ஒட்டாமல் முதலில் வேட்டித் துணியில் ஒரு தடவை ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும், பிரிக்கும்போது தாள் உரியாது. பிரஷ் இரண்டு, செயற்கை முடி, உருண்டை: 6 மற்றும் 2. வாட்டர் பிரஷ்ஷை வெளியே போகும்போது மட்டும் வைத்துக்கொள்கிறேன். அழுத்தம் அரை நொடி கூடினால் இதழ் நடுவில் குளம் கட்டிவிடுகிறது.

சீவுவது பற்றி ஒரு வார்த்தை. ஆல்பிரெக்ட் டியூரரின் உள்ளீடு 3.8 மில்லிமீட்டர், மென்மையானது. மழுங்கிய ஷார்ப்னரில் போட்டால் முனை முறிந்து முறிந்து பாதிப் பென்சில் குப்பைக்குப் போகும். பிளேடால் மரத்தை மட்டும் சீவி, முனையைப் பூஜ்ய நம்பர் உப்புத்தாளில் உருட்டித் தேய்க்கிறேன். தேய்க்கும்போது விழும் பொடியைத் தட்டிவிட வேண்டாம். ஒரு சோடா மூடியில் சேர்த்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் அதுவே நல்ல வண்ணம். பெரிய இடத்துக்குக் கோடே இல்லாத பூச்சு வேண்டும் என்றால் இந்தப் பொடியை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி படம். பூ என் வேகத்துக்குக் காத்திருக்காது. ஒரு பூவை முடிப்பதற்குள் அதன் நிறம் மாறிவிடுகிறது. முதலில் இதழைத் துரத்தித் துரத்தி நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் கலந்த ஒரு பூ வந்தது. அப்புறம் வேலையை இரண்டாகப் பிரித்தேன். வடிவத்தைக் காலையிலேயே கோடாக வரைந்து முடித்துவிடுவது. நிறத்துக்கு, பொழுது மாறும்போதெல்லாம் சின்னக் கட்டம் போட்டு, எந்தப் பென்சில் எவ்வளவு அழுத்தம் என்று எண்ணை மட்டும் எழுதிவைப்பது: “104 மேல் 111, மெல்ல, விளிம்பில் 226.” வண்ணம் ஏற்றுவதை மின்விசிறிக்கு அடியில் நிதானமாக இரவில் செய்துகொள்ளலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஃபெர்டினாண்ட் பாவர் என்ற ஆஸ்திரிய ஓவியர் 1801 முதல் 1803 வரை மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற கடலோடியின் கப்பலில் ஆஸ்திரேலியக் கரைகளைச் சுற்றியபோது, செடிகளைப் பென்சிலில் மட்டும் வரைந்து, ஒவ்வொரு பகுதியின் மேலும் நிற எண்ணைக் குறித்துக்கொண்டார். வண்ணம் ஏற்றியது பிற்பாடு. அவர் தன் எண்களைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்குப் பென்சில் உடம்பிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடிக்கோட்டைச் சாதாரண எச்பி பென்சிலில் போட்டால், மேலே வண்ணம் நனைந்து காய்ந்ததும் அந்தக் கோடு உள்ளே சிறைப்பட்டுவிடும். எந்த ரப்பராலும் வராது. மஞ்சள் இதழுக்குள் சாம்பல் கோடு தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே 184-ஐக் கூர்மையாகச் சீவி, முனை தாளில் படுகிறதா இல்லையா என்ற அழுத்தத்தில் வரைகிறேன். இதழின் நிறத்தோடு நிறமாக அது கரைந்துவிடுகிறது.

இதழுக்கு முதலில் 104, மெல்லிய அடுக்கு, ஒரே திசையில். அப்புறம் 6 நம்பர் பிரஷ். தண்ணீரில் முக்கி, துணியில் இரண்டு பக்கமும் ஒரு தடவை ஒற்றி எடுத்தால் சரியான ஈரம். வெளிச்சம் விழும் பக்கத்தில் தொடங்கி நிழல் பக்கம் போக வேண்டும். திருப்பி இழுத்தால் நிழலின் நிறம் வெளிச்சத்துக்குள் வந்துவிடும். ஒரு இழுப்பு முடிந்ததும் பிரஷ்ஷைக் கழுவிவிட்டே அடுத்த இதழ். இந்தக் கழுவலில் சோம்பல்பட்ட தாள்கள் எல்லாம் முதலில் சொன்ன வீணான தாள் கட்டுக்குள் இருக்கின்றன.

மஞ்சளின் நிழல்தான் பெரிய தலைவலி. கறுப்பைத் தொட்டால் மஞ்சள் பச்சையாகிவிடும், அதுவும் அழுகிய பச்சை. சாம்பலும் அப்படியே. 168-ஐ மெல்லத் தடவி, அதன் மேல் 263-ஐ இன்னும் மெல்லத் தடவி நனைத்தபோதுதான் இதழ் மடங்கி உள்ளே போவது தெரிந்தது. 263 கொஞ்சம் கூடினால் அழுக்கு. தனித்தாளில் பார்த்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

ஒரு அடுக்கு போட்டதும் அடுத்ததற்கு முன் நன்றாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் இதற்கு ஆகும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். அந்த ஈரத்தில் பென்சிலை வைத்தால் முனை தாளைக் கீறி, கருத்த தடித்த கோடு விழும். அது பிறகு எளிதில் கரையாது. ஆனால் இதே குணத்தை வேண்டும் என்றே பயன்படுத்தவும் செய்யலாம். காலைப் பூவின் நரம்புகளை நான் அப்படித்தான் போட்டேன். இதழ் முழுக்கக் காய்ந்த பிறகு, 184-இன் முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு, அடியில் இருந்து விளிம்பு நோக்கி ஒரே மூச்சில் ஒரு கோடு. அடியில் அழுத்தமாகத் தொடங்கி, விளிம்புக்கு வரும்போது தண்ணீர் தீர்ந்து தானாகவே மெலிந்துவிடுகிறது. முனையை மட்டும்தான் தொட வேண்டும். பென்சிலைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டுப் போனால் மரம் ஊறி, உள்ளீடு பொடிந்து, அடுத்து சீவும்போது துண்டு துண்டாக வரும்.

சரி, இப்போது அந்தக் கருஞ்சிவப்புத் திட்டு. இதில்தான் அதிகம் தாள் போனது. மஞ்சள் காய்ந்த பிறகு அதன் மேல் கருஞ்சிவப்பு போட்டு நனைத்தால், அடியில் இருக்கும் மஞ்சளும் சேர்ந்து கரைந்து எல்லை கலைகிறது. முதலில் கருஞ்சிவப்பு, பிறகு மஞ்சள் என்று மாற்றிப் போட்டால், மஞ்சளை நனைக்கும்போது கருஞ்சிவப்பு ஓடிவந்து பூவே செங்கல் நிறமாகிறது. வாட்டர்கலர் பென்சில் காய்ந்த பிறகும் மறுபடி கரையும். தவறைத் திருத்த அது வரம், இந்த இடத்தில் சாபம். இங்க்டென்ஸ் வந்தது இதற்காகத்தான். அது பார்க்க வாட்டர்கலர் பென்சில் போலவே இருக்கும், நனைத்தால் மை போலத் துலக்கமாக எழும், ஒரு தடவை முழுக்கக் கரைந்து காய்ந்துவிட்டால் பிறகு அசையாது. அதனால் துணியில்கூட அதை வரைகிறார்கள்.

ஷிராஸை அடியில் போட்டு, 2 நம்பர் பிரஷ்ஷால் கரைத்து, திட்டின் மேல் விளிம்பைச் சீப்புப் பல் மாதிரி இழுத்துவிட்டேன். உண்மைப் பூவிலும் அது நேர்கோடாக முடிவதில்லை, நரம்பு வழியே மேலே ஏறியிருக்கும். காய்ந்ததும் 104-ஐப் போட்டு நனைத்தேன். அப்போதும் லேசாகச் சிவப்பு ஓடியது! பொருள் சரியில்லையோ என்று நினைத்து, திட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தாளின் நுண்குழிகளில் கரையாத பென்சில் துகள்கள் கருப்புள்ளிகளாக உட்கார்ந்திருந்தன. முழுக்கக் கரைந்தது மட்டும்தான் நிலைக்கும். கரையாத துகள் அடுத்த ஈரத்துக்காகக் காத்திருக்கும். அதற்குப் பிறகு, பென்சிலை நேராகத் தாளில் போடாமல், துண்டுத்தாளில் அழுத்தமாகத் தேய்த்து, ஈரப் பிரஷ்ஷால் அதில் இருந்து நிறத்தை எடுத்துத் திட்டில் வைத்தேன். காய்ந்ததும் ஈரமான டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தேன். டிஷ்யூ வெள்ளையாகவே இருந்தது. மேலே மஞ்சள் போனது, திட்டு இருந்த இடத்தில் இருந்தது. இந்தப் படம் முழுக்க எனக்கு நிம்மதி தந்த இடம் அதுதான். இங்க்டென்ஸ் செட்டாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவுட்லைனர் என்று அதில் ஒன்று வரும். அது கரையாத வகை, கோடு நிலைத்து நிற்பதற்காக வைத்தது. அது கரையவில்லை என்று தாளைத் தேய்த்து ஓட்டை போட வேண்டாம்.

மாலைப் பூ எளிதாக வந்தது. 104-ஐ முதலில் போட்டு நனைத்துக் காயவிட்டு, அதன் மேல் 111, விளிம்புகளில் 226. மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே தடவையில் நனைத்தால் தட்டையான ஆரஞ்சுதான் வரும். தனித்தனியாகக் காயவிட்டால் அடியில் இருக்கும் மஞ்சள் மேலே ஊடுருவித் தெரிகிறது, பூவும் உண்மையில் அப்படித்தான் சிவக்கிறது. விழுந்த பூவில் இதழ்கள் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அங்கே தண்ணீரைக் குறைத்து 226, 263 இரண்டையும் காய்ந்த கோடாகவே விட்டேன். வாடிய இதழின் சுருக்கத்துக்குக் கரையாத பென்சில் கோடுதான் பொருத்தம்.

இலை சுமார்தான். பூவரசிலையின் நெய்ப்பளபளப்பைக் கொண்டுவர வெள்ளைத் தாளை அப்படியே விட வேண்டும். நான் விட்ட இடம் போதவில்லை. வெள்ளை வாட்டர்கலர் பென்சிலை மேலே தடவினால் பால் தெளித்த மாதிரி ஆகுமே தவிர வெளிச்சம் வராது. ஈரப் பிரஷ்ஷால் நனைத்து டிஷ்யூவால் ஒற்றித் தூக்கினேன், கொஞ்சம் வந்தது. நடுநரம்புக்கு வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) வைத்தேன். கரையும் மெழுகுப் பேஸ்டலை இலைக்கு இரவல் வாங்கிப் பார்த்தேன். பெரிய இடத்தை நொடியில் நிரப்பும், ஆனால் இந்த அளவு இலைக்கு அதன் முனை மிகத் தடிமன். சுவரொட்டி அளவுக்கு வரைகிறவர்களுக்கு அது சரியான பொருள்.

காய்க்கும் காம்புக்கும் தண்ணீரில் கரையும் கிராஃபைட் பென்சில், 4பி. நனைத்தால் மென்சாம்பல் பூச்சு, காய்ந்த பிறகு மேலே கோடு. இரண்டே வேலையில் காய்ந்த காயின் வெடிப்பும் மட்கிய நிறமும் வந்துவிட்டன. பூவுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகக் கூடாது. அதன் தூள் மஞ்சளில் பட்டால் மஞ்சள் செத்துவிடும். பூ முழுக்க முடிந்து, மேலே ஒரு தாள் மூடி, கடைசியாகத்தான் அதைக் கையில் எடுத்தேன்.

இடையில் ஒரு விஷயம். நீரில் கரையும் பென்சில் நம் தாத்தா காலத்து அலுவலகங்களிலேயே இருந்தது. ரசீது, பதிவேடு எழுதிய காப்பியிங் பென்சில்தான் அது. எழுதும்போது சாம்பல், ஈரம் பட்டால் ஊதா. கிராஃபைட்டோடு அனிலின் சாயம் சேர்த்தது. கலைஞர்களுக்கென்று கரையும் கலர் பென்சில் வந்தது பிற்பாடு, கரன் தாஷின் பிரிஸ்மலோ 1931-இல் வெளியானது. அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் பென்சில் முனையை நாக்கில் தொட்டுத்தொட்டு எழுதி ஊதா உதட்டோடு வீடு திரும்பிய பழக்கம், வாட்டர்கலர் பென்சிலைக் கையில் எடுத்ததும் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடுகிறது. கலைஞர் தர நிறப்பொடிகள் வாயில் வைப்பதற்கானவை அல்ல. ஒரு கிண்ணம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு. ஆல்பிரெக்ட் டியூரர் ஏழும் சேர்த்து 1,300 ரூபாய்க்குப் பக்கம். ஷிராஸ் 200. தாள் 700. பிரஷ் இரண்டும் 250. டேப், உப்புத்தாள், பிளேடு எல்லாம் 80-க்குள். கிராஃபைட் பென்சில் 120. ஆகமொத்தம் 2,650. மாணவர் செட்டும் ஸ்கெட்ச் புத்தகமும் இதில் சேரவில்லை. 36 நிறத் தகர டப்பா வாங்கியிருந்தால் இதைவிட அதிகம் ஆகியிருக்கும். அதில் பாதிக்கு மேல் சீவாமலே கிடந்திருக்கும். நான் வாங்கிய நேரத்து விலைகள் இவை, உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கலாம்.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். முதலில் தாள், அதுவும் ஒரு கட்டு. பிறகு நான்கு பென்சில்: ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு மண் நிறம், ஒரு கரும்பச்சை. இவற்றை நனைத்து, கலந்து, காயவிட்டு, எது போதவில்லை என்று தெரிந்த பிறகே ஐந்தாவது. 111 இல்லாமலே 104-உம் 226-உம் சேர்ந்து மாலைப் பூவின் நிறத்தைத் தந்துவிடுகின்றன என்று படம் முடிந்த பிறகு தற்செயலாகத் தெரிந்தது. இலைக்கு வெள்ளை விட வேண்டிய இடத்தை அடிக்கோட்டிலேயே குறித்துக்கொள்வேன். பென்சில்களை மூடிய டப்பாவில், மாத்திரைப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கத் தொடங்கியிருக்கிறேன். கடலோர ஈரக்காற்றில் திறந்து கிடந்தவை சீவும்போது அதிகம் முறிவதாக எனக்குத் தோன்றுகிறது.

கார்த்திகை பிறந்தால் செங்காந்தள். அதுவும் பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவக்கிற பூ; ஒரே இதழின் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும் நிற்கும். பூவரசில் எல்லை கலையாமல் இருக்க வேண்டியிருந்தது, இங்கே எல்லை தெரியாமல் கலக்க வேண்டும். ஆகவே இங்க்டென்ஸ் வேண்டாம், மறுபடி கரையும் பென்சில்தான். இதழ் விளிம்பின் நெளிவுக்கு மட்டும் 2 நம்பர் பிரஷ் தடிமனாக இருக்கும் என்று நினைக்கிறேன். 0 நம்பர் ஒன்று வாங்கிவைக்க வேண்டும்.